நண்பரைத் தாங்குகிறீர்கள், வரிப் படிவத்தில் அவர் பெயரை எழுதலாமா?

அமெரிக்காவில் வேலை பார்க்கும் பலர் வீட்டில் நடப்பதுதான் இது. வேலை போன நண்பர் ஒரு மாதம் இருந்துகொள்கிறேன் என்று வந்து ஆண்டு முழுக்கத் தங்கிவிடுகிறார். மணமுறிவுக்குப் பிறகு கைக்குழந்தையோடு வந்த தோழிக்கு ஓர் அறையை ஒழித்துக் கொடுக்கிறோம். பக்கவாதம் வந்து சம்பாதிக்க முடியாமல் போன பழைய அறைத்தோழரை நம்மோடு வைத்துப் பார்த்துக்கொள்கிறோம். வாடகை, மளிகை, மருந்து, செல்போன் பில் எல்லாம் நம் சம்பளத்திலிருந்தே போகிறது. ஏப்ரல் 15 நெருங்கும்போது கேள்வி எழுகிறது: ரத்த உறவு இல்லாத இவரை வரிக் கணக்கில் டிபென்டென்ட்டாகக் காட்டலாமா?

காட்டலாம். அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் 152-ஆம் பிரிவு, உறவினர் அல்லாத ஒருவரையும் சார்ந்திருப்பவராக ஏற்றுக்கொள்கிறது. நிபந்தனைகள் கறாரானவை, ஆனால் குழப்பமானவை அல்ல. இந்த உரிமை இருப்பதே தெரியாமல் விட்டுவிடுபவர்கள் ஒரு பக்கம். பாதி நிபந்தனை கூடப் பொருந்தாமல் பெயரை எழுதிவிட்டு, ஐஆர்எஸ் கடிதம் வந்ததும் தவிப்பவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு நிலையும் வேண்டாம். சட்டம் தருவதைச் சரியாகக் கேட்டு வாங்குவோம். இங்கே சொல்லும் தொகைகள் 2025 வரி ஆண்டுக்கானவை.

ஒரே பார்வையில் விதிகள்

நண்பர் என்றால் கீழே உள்ள ஏழும் பொருந்த வேண்டும். ஒன்று தவறினாலும் அந்த ஆண்டுக்கு உரிமை இல்லை.

1. ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை அவர் உங்கள் வீட்டில், உங்கள் குடும்பத்தில் ஒருவராக வாழ்ந்திருக்க வேண்டும்.
2. அவருடைய மொத்த வருமானம் 5,200 டாலருக்குக் குறைவாக இருக்க வேண்டும்.
3. அவரை வாழவைக்க ஆன மொத்தச் செலவில் பாதிக்கு மேல் நீங்கள் கொடுத்திருக்க வேண்டும்.
4. அவர் அமெரிக்கக் குடிமகன், அமெரிக்க நேஷனல், வரிச் சட்டப்படி அமெரிக்கவாசி, அல்லது கனடா, மெக்சிகோவில் வசிப்பவர் என்ற வரையறைக்குள் வர வேண்டும்.
5. அவர் வேறொருவரின் தகுதிபெற்ற குழந்தையாக இருக்கக் கூடாது.
6. அவர் தன் கணவரோடோ மனைவியோடோ சேர்ந்து கூட்டு வரிக் கணக்கு தாக்கல் செய்யக் கூடாது. பிடித்த வரியைத் திரும்பப் பெறுவதற்காக மட்டும் தாக்கல் செய்தால் விலக்கு உண்டு.
7. உங்களை வேறு யாரும் டிபென்டென்ட்டாகக் காட்டும் நிலையில் நீங்கள் இருக்கக் கூடாது.

இவற்றில் முதல் மூன்றில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். அவற்றை விரிவாகப் பார்ப்போம்.

முழு ஆண்டும் ஒரே கூரை

அம்மா, அப்பா, உடன்பிறந்தோர், மாமனார், மாமியார் போன்ற உறவினர்கள் தனி வீட்டில் இருந்தாலும் நீங்கள் காட்டலாம். நண்பருக்கு அந்தச் சலுகை கிடையாது. அவர் ஆண்டு முழுவதும் உங்களோடு இருந்தாக வேண்டும். பிப்ரவரி 10 அன்று வந்தவர் டிசம்பர் வரை உங்கள் செலவிலேயே இருந்தாலும் அந்த ஆண்டுக்கு அவரைக் காட்ட முடியாது. அடுத்த ஆண்டு ஜனவரி 1 முதல் கணக்கு புதிதாகத் தொடங்கும்.

அவருக்குத் தனியாக ஒரு ஃப்ளாட் எடுத்து வாடகையை நீங்கள் கட்டினாலும் பயனில்லை. ஊரில் இருக்கும் நண்பருக்கு மாதாமாதம் பணம் அனுப்புவதும் இதில் சேராது.

தற்காலிகமாக வெளியே போவதை ஐஆர்எஸ் பிரிவாகக் கருதுவதில்லை. மருத்துவமனையில் தங்குவது, படிப்பு, வேலைப் பயணம், விடுமுறை, ராணுவச் சேவை ஆகியவற்றுக்காகப் போய்த் திரும்பும் நாட்கள் உங்கள் வீட்டில் இருந்த நாட்களாகவே எண்ணப்படும். தொடர் சிகிச்சைக்காக நர்சிங் ஹோமில் எவ்வளவு காலம் என்று தெரியாமல் சேர்த்திருந்தாலும் அதைத் தற்காலிகப் பிரிவாக ஏற்க இடமுண்டு. ஆண்டின் நடுவில் நண்பர் இறந்துவிட்டால், இறக்கும் வரை உங்களோடு வாழ்ந்திருந்தால் போதும்.

இரண்டு விலக்குகளையும் தெரிந்துகொள்ளுங்கள். அந்த ஆண்டில் எந்த நாளிலாவது அவர் உங்கள் கணவராகவோ மனைவியாகவோ இருந்திருந்தால் இந்த வழி அடைபட்டுவிடும். உங்கள் இருவருக்கும் இடையிலான உறவு நீங்கள் வாழும் மாநிலத்தின் சட்டத்தை மீறுவதாக இருந்தாலும் உரிமை இல்லை.

வருமான வரம்பு: கையில் வந்ததா, கணக்கில் வருவதா?

2025-க்கு வரம்பு 5,200 டாலர். 2024-இல் இது 5,050, 2023-இல் 4,700. விலைவாசியை ஒட்டி மாறக்கூடிய தொகை என்பதால், தாக்கல் செய்யும் ஆண்டுக்கு உரிய எண்ணைப் பாருங்கள். உங்கள் சொந்தக் குழந்தைக்கு வேறு விதிகள் உண்டு. நண்பருக்கு இந்த வரம்பில் தளர்வே இல்லை. ஒரு டாலர் கூடினாலும் போச்சு.

வரம்பில் சேர்பவை: சம்பளம், வேலையை விட்டு அனுப்பும்போது நிறுவனம் தரும் செவரன்ஸ் தொகை, வேலையின்மைப் படி, வங்கி வட்டி, பங்கு விற்ற லாபம், வழக்கமான 401(கே) கணக்கிலிருந்து எடுத்த பணம், வாடகை வருமானம். வாடகையில் பழுதுபார்ப்புச் செலவு, சொத்து வரி எதையும் கழிக்கக் கூடாது. வந்த முழுத் தொகையும் கணக்கு. ஆப் மூலம் கார் ஓட்டுபவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். பெட்ரோல், பராமரிப்பு போக மிச்சம் 3,000 டாலர்தான் என்றாலும், செலவைக் கழிக்கும் முன் வந்த வரவு 9,000 என்றால் 9,000-தான் பார்க்கப்படும்.

சேராதவை: நீங்கள் அன்பளிப்பாகக் கொடுத்த பணம், வரி விதிக்கப்படாத சோஷியல் செக்யூரிட்டி தொகை, எஸ்எஸ்ஐ உதவித்தொகை, வரிவிலக்குள்ள நகராட்சிப் பத்திர வட்டி. அதாவது, நீங்கள் கொடுக்கும் பணம் நண்பரின் வருமானத்தைக் கூட்டிவிடுமோ என்ற பயம் வேண்டாம்.

லே-ஆஃப் ஆன நண்பர் விஷயத்தில் இந்த வரம்புதான் முதல் தடை. மென்பொருள் வேலையில் இருந்தவர் பிப்ரவரியில் வேலை இழந்தால், ஜனவரி மாதச் சம்பளமே 5,200-ஐத் தாண்டியிருக்கும். மீதி பத்து மாதம் அவர் உங்கள் வீட்டில் சம்பாத்தியமே இல்லாமல் இருந்தாலும் அந்த ஆண்டில் அவர் உங்கள் டிபென்டென்ட் ஆக மாட்டார். அடுத்த ஆண்டு முழுவதும் வேலை கிடைக்காமல் உங்களோடு இருந்தால்தான் கதவு திறக்கும்.

பாதிக்கு மேல்: கணக்கைப் போடும் விதம்

ஐஆர்எஸ் வெளியிடும் 501-ஆம் எண் கையேட்டில் இதற்கென்றே ஒரு கணக்குத் தாள் இருக்கிறது. முதலில் வீட்டின் பொதுச் செலவைக் கூட்டி, வீட்டில் இருப்பவர்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். பிறகு நண்பருக்கென்று தனியாக ஆன செலவைச் சேர்க்க வேண்டும். கடைசியில் அதில் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

ஒரு மாதிரிக் கணக்கு. நீங்களும் நண்பரும் மட்டும் இருக்கும் அபார்ட்மென்ட். மாத வாடகை 2,000 டாலர்.

ஆண்டு வாடகை: 24,000
வீட்டுச் சாப்பாட்டுச் செலவு: 7,200
மின்சாரம், எரிவாயு, தண்ணீர்: 2,400
மொத்தம்: 33,600. ஒருவர் பங்கு: 16,800

நண்பருக்கு மட்டும் ஆன செலவு:
உடை: 400
மருத்துவம், பல் சிகிச்சை: 1,200
பேருந்துப் பயணம்: 600
மொத்தம்: 2,200

ஆக, நண்பர் ஓராண்டு வாழ ஆன செலவு 19,000 டாலர். இதில் பாதி 9,500. பகுதி நேர வேலையில் அவர் சம்பாதித்த 4,600 டாலரையும் சேமிப்பிலிருந்து எடுத்த 2,400 டாலரையும் தன் செலவுக்கே போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பங்கு 7,000. நீங்கள் கொடுத்தது 12,000. சுமார் 63 சதவீதம். நீங்கள் தாண்டிவிட்டீர்கள்.

இதே நண்பர் சேமிப்பிலிருந்து இன்னும் 3,000 டாலர் எடுத்துச் செலவழித்திருந்தால் அவர் பங்கு 10,000 ஆகிவிடும். உங்கள் பங்கு 9,000-ஆகக் குறையும். அவர் வருமானம் வரம்புக்குள் இருந்தும் நீங்கள் தோற்றுவிடுவீர்கள். வருமானத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். வருமான வரம்பில் சேராத சோஷியல் செக்யூரிட்டி தொகையும், அவர் அதைத் தன் செலவுக்குப் பயன்படுத்தினால், இந்தக் கணக்கில் அவர் பங்காகச் சேர்ந்துவிடும். அரசு தரும் உதவிகளும் பொதுவாக அரசு கொடுத்த பங்காகவே எண்ணப்படும். உங்கள் பங்கில் வராது.

இன்னும் சில குறிப்புகள்:

சொந்த வீட்டில் இருப்பவர்கள் மாதத் தவணையைக் கணக்கில் எடுக்கக் கூடாது. அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் எவ்வளவு கிடைக்குமோ அந்த நியாயமான வாடகை மதிப்பை எடுக்க வேண்டும்.

நண்பர் தொடாமல் வங்கியில் வைத்திருக்கும் சேமிப்பு கணக்கில் வராது. செலவழித்தது மட்டுமே வரும்.

அவர் கட்டிய வருமான வரி, சோஷியல் செக்யூரிட்டி வரி, ஆயுள் காப்பீட்டுத் தவணை ஆகியவை வாழ்க்கைச் செலவாக எண்ணப்படுவதில்லை. மருத்துவக் காப்பீட்டுத் தவணை எண்ணப்படும். காப்பீட்டு நிறுவனம் மருத்துவமனைக்குக் கொடுத்த தொகை எண்ணப்படாது.

இரண்டு மூன்று பேர் சேர்ந்து தாங்கினால்

ஒரே வீட்டில் மூன்று நண்பர்கள் சேர்ந்து நான்காமவரைப் பார்த்துக்கொள்கிறார்கள். யாருமே தனியாகப் பாதிக்கு மேல் கொடுக்கவில்லை; ஆனால் மூவரும் சேர்ந்து கொடுத்தது பாதியைத் தாண்டுகிறது. இதற்கும் வழி உண்டு. பத்து சதவீதத்துக்கு மேல் கொடுத்த ஒருவர் அவரைக் காட்டலாம். பத்து சதவீதத்துக்கு மேல் கொடுத்த மற்றவர்கள், தாங்கள் அந்த ஆண்டு அவரைக் காட்டப் போவதில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். காட்டுபவர் படிவம் 2120-ஐத் தன் வரிக் கணக்கோடு இணைக்க வேண்டும். நண்பர் விஷயத்தில், மூவரும் ஆண்டு முழுக்க அவரோடு அதே வீட்டில் இருந்திருக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. அடுத்த ஆண்டு வேறொருவர் காட்டலாம். முறை வைத்துக்கொள்வதில் தடையில்லை.

விசாவில் இருக்கும் நண்பர்

அமெரிக்காவுக்குப் படிக்கவும் வேலைக்கும் வந்த தமிழர்கள் அறை பகிர்ந்து வாழ்வது வழக்கம் என்பதால் இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள். வரிச் சட்டப்படி அமெரிக்கவாசியா என்பதைப் பெரும்பாலும் நாட்கணக்கே தீர்மானிக்கிறது. நடப்பு ஆண்டில் குறைந்தது 31 நாட்களும், மூன்று ஆண்டுகளைக் குறிப்பிட்ட விகிதத்தில் கூட்டினால் 183 நாட்களும் அமெரிக்காவில் இருந்திருக்க வேண்டும். ஹெச்-1பி, ஹெச்-4 விசாக்களில் இருப்பவர்களின் நாட்கள் இதில் எண்ணப்படும். எஃப்-1 மாணவர்களுக்குப் பொதுவாக முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகள் எண்ணப்படுவதில்லை. எனவே இரண்டாம் ஆண்டு மாஸ்டர்ஸ் படிக்கும் நண்பர் முழுக்க முழுக்க உங்கள் செலவில் வாழ்ந்தாலும் அவரை டிபென்டென்ட்டாகக் காட்ட முடியாது.

அவருக்கு ஓர் எண்ணும் வேண்டும்: சோஷியல் செக்யூரிட்டி எண், அல்லது அது கிடைக்காதவர்களுக்கு ஐடிஐஎன். வரி தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதிக்குள், கால நீட்டிப்பு வாங்கியிருந்தால் அந்தத் தேதிக்குள், அந்த எண் வழங்கப்பட்டிருக்க வேண்டும். ஐடிஐஎன்-க்குப் படிவம் டபிள்யூ-7. கடைசி வாரத்தில் ஓடாதீர்கள்.

தோழியோடு வந்த குழந்தை

தோழியும் அவர் மூன்று வயது மகளும் ஆண்டு முழுக்க உங்கள் வீட்டில். குழந்தை தாயின் தகுதிபெற்ற குழந்தை என்பதால் உங்களால் காட்ட முடியாது என்று தோன்றும். ஒரு விதிவிலக்கு இருக்கிறது. தாய்க்கு வரி தாக்கல் செய்யும் கட்டாயம் இல்லாமல், அவர் தாக்கல் செய்யாமலும் இருந்தால், அல்லது சம்பளத்தில் பிடித்த வரியைத் திரும்பப் பெற மட்டும் தாக்கல் செய்தால், அந்தக் குழந்தை வேறொருவரின் தகுதிபெற்ற குழந்தையாகக் கருதப்படாது. மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால் தாய், மகள் இருவரையும் நீங்கள் காட்டலாம். ஆனால் தோழி உழைப்பு வருமானச் சலுகையான இஐடிசி-யைக் கேட்டுத் தாக்கல் செய்தால் இந்த விதிவிலக்கு போய்விடும். பல நேரங்களில் அவருக்குக் கிடைக்கும் அந்தத் தொகை உங்களுக்குக் கிடைப்பதைவிடப் பெரிதாக இருக்கும். யாருக்கு லாபம் என்று உட்கார்ந்து கணக்கிட்ட பிறகே முடிவெடுங்கள். குழந்தைக்கான பெரிய வரிச் சலுகை உங்களுக்குக் கிடைக்காது; கீழே சொல்லும் 500 டாலர்தான்.

கிடைப்பது எவ்வளவு?

2017 வரை ஒரு டிபென்டென்ட்டுக்கு 4,050 டாலர் வருமானத்திலிருந்து கழிவு கிடைத்தது. 2017-இல் நிறைவேறிய வரிச் சட்டத் திருத்தம் 2018 முதல் அந்தக் கழிவைப் பூஜ்யமாக்கிவிட்டு, 'பிற சார்ந்திருப்போர் வரிச் சலுகை' என்று 500 டாலரைக் கொண்டுவந்தது. 2025 ஜூலையில் வந்த சட்டம் இதை நிரந்தரமாக்கியது.

இந்த 500 டாலர் நீங்கள் கட்ட வேண்டிய வரியிலிருந்து நேரடியாகக் குறையும். வரியே இல்லாதவருக்குக் கையில் பணமாகக் கிடைக்காது. தனியாகத் தாக்கல் செய்பவரின் வருமானம் 200,000 டாலரையும், தம்பதியின் கூட்டு வருமானம் 400,000 டாலரையும் தாண்டினால், ஒவ்வோர் 1,000 டாலருக்கும் 50 டாலர் வீதம் சலுகை குறைந்துகொண்டே போகும். கனடாவிலோ மெக்சிகோவிலோ வசிப்பவர் என்ற தகுதியால் மட்டும் டிபென்டென்ட் ஆனவருக்கு இந்த 500 கிடையாது.

இதோடு வேறு சில பயன்களும் உண்டு:

மருத்துவச் செலவு: நண்பருக்காக நீங்கள் கட்டிய மருத்துவச் செலவையும் உங்கள் கழிவுப் பட்டியலில் சேர்க்கலாம். உங்கள் வருமானத்தில் 7.5 சதவீதத்தைத் தாண்டும் பகுதிக்குத்தான் பலன். இதற்கு 5,200 டாலர் வருமான வரம்பு பொருந்தாது என்பது பலருக்கும் தெரியாத சலுகை. மற்ற நிபந்தனைகள் நிறைவேறினால் போதும்.

பராமரிப்புச் செலவு: தன்னைத்தானே கவனித்துக்கொள்ள முடியாத நிலையில் நண்பர் இருந்து, நீங்கள் வேலைக்குப் போவதற்காக ஆள் வைத்துப் பார்த்துக்கொண்டால், படிவம் 2441 மூலம் சார்ந்தோர் பராமரிப்புச் சலுகை கேட்கலாம்.

படிப்பு: உங்கள் டிபென்டென்ட் கல்லூரியில் படித்தால் கல்விச் சலுகையை நீங்கள்தான் கேட்க முடியும், அவர் கேட்க முடியாது. இளநிலைப் படிப்பின் முதல் நான்கு ஆண்டுகளுக்கான ஏஓடிசி அதிகபட்சம் 2,500 டாலர் வரை வரும்.

மாநில வரி: கலிஃபோர்னியா போன்ற மாநிலங்கள் டிபென்டென்ட்டுக்குத் தனிச் சலுகை தருகின்றன. டெக்சஸ், ஃப்ளோரிடாவில் மாநில வருமான வரியே கிடையாது.

கிடைக்காத ஒன்றையும் அழுத்திச் சொல்லியாக வேண்டும்: 'குடும்பத் தலைவர்' என்ற தாக்கல் நிலை. உங்களோடு ஆண்டு முழுக்க வாழ்ந்தார் என்ற காரணத்தால் மட்டும் டிபென்டென்ட் ஆன நண்பரை வைத்து அந்த நிலையைக் கேட்க முடியாது. சட்டம் இதை வெளிப்படையாகவே மறுக்கிறது. வரி மென்பொருளில் இந்தப் பெட்டியைத் தட்டிவிட்டு அதிகக் கழிவு வாங்குபவர்கள் பின்னால் அபராதத்தோடு திருப்பிக் கட்ட நேரும்.

அலுவலகத்தில் செய்ய வேண்டியவை

டபிள்யூ-4 படிவம்: நண்பர் ஜனவரி முதல் உங்களோடு இருக்கிறார், ஆண்டு முழுக்க இருப்பார், வருமானமும் இல்லை என்பது உறுதியானால், டபிள்யூ-4 படிவத்தின் மூன்றாம் படியில் 'பிற சார்ந்திருப்போர்' இடத்தில் 500 எழுதலாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் என்றால் ஒவ்வொரு தடவையும் சுமார் 19 டாலர் கூடுதலாகக் கைக்கு வரும். கணவன் மனைவி இருவரும் வேலையில் இருந்தால் ஒருவர் மட்டும் எழுத வேண்டும். நடுவில் நண்பர் வேலை கிடைத்து வெளியேறினால் உடனே படிவத்தை மாற்றுங்கள். இல்லையென்றால் ஏப்ரலில் அந்தத் தொகையைக் கட்ட வேண்டியிருக்கும்.

நிறுவன மருத்துவக் காப்பீடு: நண்பரைச் சேர்க்க முடியுமா என்பதை உங்கள் நிறுவனத்தின் திட்டம்தான் தீர்மானிக்கும். வரியில் டிபென்டென்ட் என்பதாலேயே சேர்க்கும் கட்டாயம் நிறுவனத்துக்குக் கிடையாது. சில நிறுவனங்கள் திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழும் துணையைச் சேர்க்க அனுமதிக்கின்றன. அப்படிச் சேர்க்கும்போது, அவருக்காக நிறுவனம் கட்டும் தவணை உங்கள் சம்பளத்தோடு கூட்டப்பட்டு வரிக்கு உள்ளாகலாம். ஆனால் அவர் ஆண்டு முழுக்க உங்களோடு வாழ்ந்து, அவர் செலவில் பாதிக்கு மேல் நீங்கள் கொடுப்பதாக ஹெச்ஆர் கேட்கும் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட்டுத் தந்தால் கூட்டரசு வரிக்கு அந்தத் தொகை கூட்டப்படாது. இங்கேயும் 5,200 டாலர் வரம்பு பொருந்தாது. குடும்பக் காப்பீட்டில் நிறுவனத்தின் பங்கு பெரிதாக இருப்பதால், இந்த ஒரு படிவம் மிச்சப்படுத்துவது 500 டாலர் சலுகையைவிட அதிகமாகவே இருக்கக்கூடும். ஜனவரியில் டபிள்யூ-2 வரும் வரை காத்திருக்காமல், காப்பீட்டில் சேர்க்கும் நாளிலேயே ஹெச்ஆரிடம் கேளுங்கள்.

ஹெச்எஸ்ஏ, எஃப்எஸ்ஏ கணக்குகள்: வரி பிடிக்காமல் நீங்கள் சேர்த்த இந்தப் பணத்திலிருந்து இப்படிப்பட்ட நண்பரின் மருத்துவச் செலவைக் கட்டலாம். உங்கள் நிறுவனத் திட்டத்தின் விதிகளை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் நண்பரிடம் பேசுங்கள்

அவர் பெயரை எழுதுவது அவருடைய வரிக் கணக்கையும் தொடுகிறது. அவரைக் கேட்காமல் செய்வது நட்புக்கும் நல்லதல்ல, கணக்குக்கும் நல்லதல்ல. இந்த நான்கையும் அவரோடு பேசுங்கள்.

அவர் தனியாகத் தாக்கல் செய்தால், தன்னை இன்னொருவர் டிபென்டென்ட்டாகக் காட்ட முடியும் என்ற பெட்டியைத் தட்ட வேண்டும். அவருக்குரிய நிலையான கழிவு குறையும்: 2025-க்கு 1,350 டாலர், அல்லது உழைத்துச் சம்பாதித்ததோடு 450 சேர்த்த தொகை, இரண்டில் எது அதிகமோ அது.

குழந்தை இல்லாதவர்களுக்கான இஐடிசி அவருக்குக் கிடைக்காது.

ஒபாமாகேர் சந்தையில் மானியத்தோடு அவர் காப்பீடு எடுத்திருந்தால், அந்த மானியத்தை நேர்செய்யும் பொறுப்பு படிவம் 8962 வழியாக உங்கள் தலையில் விழும். உங்கள் வருமானம் அதிகம் என்றால் மானியத்தைத் திருப்பிக் கட்ட நேரலாம். அவர் பெயருக்கு வரும் 1095-ஏ படிவத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்காமல் தாக்கல் செய்யவே கூடாது.

அவருடைய பெற்றோரோ முன்னாள் துணையோ அவரைக் காட்டப் போகிறார்களா என்று கேளுங்கள். ஒருவரை ஓர் ஆண்டில் ஒருவர் மட்டுமே காட்ட முடியும்.

பேசும்போது மரியாதை முக்கியம். அடுத்தவர் வீட்டில் தங்கியிருப்பவருக்கு ஏற்கெனவே மனத்தில் ஒரு கூச்சம் இருக்கும். வரவு செலவு கேட்பது அவரை வேவு பார்ப்பதற்காக இல்லை, இருவருக்கும் சிக்கல் வராமல் இருக்கத்தான் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆதாரங்களைச் சேர்க்கும் முறை

டிபென்டென்ட்டை நிரூபிக்க என்னென்ன வேண்டும் என்று ஐஆர்எஸ் 886-ஹெச்-டெப் என்ற பட்டியலே வைத்திருக்கிறது. நடைமுறையில் ஒரு கோப்பு போதும். அதில் இவை இருக்கட்டும்:

ஒரே முகவரி: நண்பர் பெயரில் உங்கள் முகவரிக்கு வந்த வங்கி, மருத்துவமனை, அரசு அலுவலகக் கடிதங்கள், ஓட்டுநர் உரிமம், அவர் பெயரும் சேர்ந்த வாடகை ஒப்பந்தம். ஜனவரியில் வந்த கடிதம் ஒன்றும் டிசம்பரில் வந்த கடிதம் ஒன்றும் கட்டாயம் வேண்டும்.

செலவு: வாடகை கட்டிய சான்று, மின்சார பில், மருந்து ரசீது, மளிகைச் செலவு தெரியும் கார்டு அறிக்கை. ரொக்கமாகக் கொடுப்பதைத் தவிர்த்து வங்கி வழியாகக் கொடுங்கள்.

வருமானம்: நண்பரின் டபிள்யூ-2, 1099 படிவங்களின் நகல்.

கணக்குத் தாள்: 501-ஆம் கையேட்டில் உள்ள தாளை நிரப்பி, தேதி போட்டு வையுங்கள்.

தாக்கல் செய்த நாளிலிருந்து குறைந்தது மூன்று ஆண்டுகள் இவற்றைப் பத்திரப்படுத்துங்கள். ரொக்கமாகவும் பொருளாகவும் நண்பருக்கு நீங்கள் தந்த அன்பளிப்பு 2025-இல் 19,000 டாலரைத் தாண்டினால் படிவம் 709 தாக்கல் செய்ய வேண்டும். மருத்துவமனைக்கோ கல்லூரிக்கோ கட்டணத்தை நேரடியாகக் கட்டினால் அது இந்த வரம்பில் சேராது.

தவறு நேர்ந்தால்

வேறு யாரோ அவரை ஏற்கெனவே காட்டியிருந்தால் உங்கள் மின்தாக்கல் நிராகரிக்கப்படலாம். ஐஆர்எஸ் வழங்கும் அடையாளப் பாதுகாப்பு எண்ணோடு மீண்டும் மின்வழியிலோ, காகிதத்திலோ தாக்கல் செய்யலாம். பிறகு இருவருக்கும் சிபி87ஏ என்ற கடிதம் வரக்கூடும். உங்கள் பக்கம் சரி என்றால் பதறாமல் ஆதாரங்களைத் தயாராக வையுங்கள். தவறு உங்களுடையது என்றால் 1040-எக்ஸ் படிவத்தில் திருத்தித் தாக்கல் செய்யுங்கள்.

தவறாக வாங்கிய சலுகைக்கு வரி, வட்டி, அதோடு 20 சதவீத அபராதமும் வரலாம். விதிகளை அலட்சியம் செய்ததாகத் தெரிந்தால் இரண்டு ஆண்டுகளும், மோசடி என்றால் பத்து ஆண்டுகளும் இந்தச் சலுகையைக் கேட்கவே தடை விதிக்கப்படும். 500 டாலருக்காக எடுக்கும் ஆபத்து அல்ல இது.

மாறாக, தகுதி இருந்தும் முந்தைய ஆண்டுகளில் கேட்காமல் விட்டவர்கள் அதே 1040-எக்ஸ் மூலம் பொதுவாக மூன்று ஆண்டுகளுக்குள் கேட்டுப் பெறலாம். அந்தந்த ஆண்டின் வருமான வரம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போதே தொடங்குங்கள்

ஏப்ரலில் நினைவிலிருந்து கணக்குப் போடுவதால்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன. நண்பர் உங்கள் வீட்டுக்கு வந்த வாரத்திலேயே அவர் கடிதங்கள் உங்கள் முகவரிக்கு வர ஏற்பாடு செய்யுங்கள். மாதத்துக்கு ஒருமுறை செலவைக் குறித்துவையுங்கள். அக்டோபரில் அவர் வருமானத்தையும் இருவர் பங்கையும் ஒருமுறை கூட்டிப் பாருங்கள்; வரம்பை நெருங்குகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். தாக்கலுக்கு முன், ஐஆர்எஸ் இணையதளத்தில் யாரை டிபென்டென்ட்டாகக் காட்டலாம் என்று கேள்வி கேள்வியாகக் கேட்டு விடை சொல்லும் கருவியில் உங்கள் விவரங்களைப் போட்டுப் பாருங்கள். வருமானம் குறைவானவர்கள் வீட்டா என்ற இலவச உதவி மையத்துக்குப் போகலாம். காப்பீட்டு மானியம், விசா, குழந்தை என்று ஏதாவது ஒன்று குறுக்கே வந்தால் தேர்ந்த வரி ஆலோசகருக்குக் கொடுக்கும் கட்டணம் வீண் போகாது.

சொந்தமில்லாத ஒருவரைத் தன் வீட்டில் வைத்து ஓராண்டு முழுக்கத் தாங்குவது பெரிய காரியம். சட்டம் அதற்குத் தரும் தொகை சிறியதுதான். ஆனாலும் அது உங்களுக்கு உரியது. கூச்சப்படாமல் கேளுங்கள், ஆதாரத்தோடு கேளுங்கள்.